கிராமத்து ஐயர் ஒருவரின் வாழ்க்கையைப் பதிவேடுகளிலிருந்து மீட்பது எப்படி

என் அப்பாவின் தாத்தா சாத்தான்குளத்துக்குத் தெற்கே செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஊர்களில் ஐயராக இருந்தவர். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவச் சபைகளில் ஐயர் என்றால் குரு, அதாவது சபையை நடத்தும் போதகர். அவர் மனைவி ஐயரம்மா. அவர்களுடைய பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் ‘ஐயர் வீட்டுப் பிள்ளை’. அந்தப் பெயரின் நிழலிலேயே நான்கு தலைமுறை வளர்ந்தது. ஆனால் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் உறுதியாகத் தெரிந்தது இரண்டே வரிதான்: தேரி மணலில் வெறுங்காலோடு நடப்பார், பஞ்ச காலத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தார். நாட்குறிப்பு இல்லை, புகைப்படம் இல்லை, கடிதம் இல்லை.

நான் முப்பத்தொரு வருடம் தமிழாசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்றபின் ஆறு வருடம் அவரைத் தேடினேன். இன்று அவருடைய ஒரு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று என்னால் நாள் நாளாகச் சொல்ல முடியும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டனாரோ பூட்டனாரோ இருந்தால், நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை நீங்கள் நேராகவே தொடங்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சடித்த மிஷன் அறிக்கைகளில் தொடங்காதீர்கள். அவை வெள்ளைக்கார மிஷனெரிமார் தங்கள் தேசத்து நன்கொடையாளர்களுக்காக எழுதியவை. நம் ஆள் தன் கையால் எழுதியது வேறோர் இடத்தில் இருக்கிறது. அது கோயிலின் (எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்போம்) ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும்தான்.

வீட்டில் கேட்கவேண்டிய கேள்விகள்

முதலில் பழைய வேதாகமத்தை எடுங்கள். முன் ஏடுகளிலோ பின் அட்டையின் உட்பக்கத்திலோ பிறப்பு இறப்பு எழுதியிருப்பார்கள். ஏடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலவேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே பாதி எழுத்து தெரியும்.

அடுத்து வயதானவர்களிடம் உட்காருங்கள். ‘தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: நல்லவர், ஜெபமுள்ளவர், கண்டிப்பானவர். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ‘பெரிய அத்தை எந்த ஊரில் பிறந்தார்கள்? அடுத்தவர்? அதற்கடுத்தவர்?’ என்று கேளுங்கள். ஐயர்மாரை மிஷன் மாற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரிசைப்படுத்தினால் அதுவே அவருடைய பணியிடப் பட்டியல். என் அத்தை தொண்ணூற்றிரண்டு வயதில், கட்டிலில் படுத்தபடியே, தன் தகப்பனாரின் கூடப்பிறந்த ஏழு பேர் பிறந்த ஊர்களையும் விரல்விட்டுச் சொன்னார்கள். அதில் ஒன்றுகூடப் பிழையில்லை என்று பின்னால் பதிவேட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஞானஸ்நானத்துக்கு முன் இருந்த பெயரையும் கேளுங்கள். முதல் தலைமுறைக் கிறிஸ்தவராக இருந்தால் ஒரே மனிதருக்கு இரண்டு பெயர் இருக்கும். நிலப் பத்திரத்தில் பழைய பெயரும் கோயில் ஏட்டில் புதுப்பெயரும் வரும். டோர்னக்கல் பேராயராக 1912-இல் அபிஷேகம் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் தகப்பனாரும் இப்படிப்பட்ட ஒரு கிராமத்து ஐயர்தான். வெள்ளாளன்விளையில் ஊழியம் செய்த அவர், வேலாயுதம் என்ற பெயரை விட்டுத் தாமஸ் வேதநாயகம் ஆனவர். மகன் பேராயர் ஆனதால் தகப்பனாரின் பழைய பெயர் நமக்குத் தெரிகிறது. நம் வீட்டு மனிதருக்கு நாம்தான் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

எந்த மிஷன் என்று தெரிந்துகொள்வது

இதில் தவறினால் மாதக்கணக்கில் வீணாகும். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், இரண்டு மிஷன் சங்கங்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வேலை செய்தன: சர்ச் மிஷனெரி சொசைட்டி என்ற சி.எம்.எஸ்., சுவிசேஷம் பரப்பும் சங்கமான எஸ்.பி.ஜி. மெஞ்ஞானபுரம், சாத்தான்குளம், பண்ணைவிளை, நல்லூர், சுரண்டை, டோனாவூர் வட்டாரங்கள் சி.எம்.எஸ். முதலூர், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி வட்டாரங்கள் எஸ்.பி.ஜி. நான்கு மைல் நடந்தால் சங்கம் மாறிவிடும். நாகர்கோவில் பக்கம் என்றால் லண்டன் மிஷன், மதுரைப் பக்கம் என்றால் அமெரிக்கன் மிஷன், தரங்கம்பாடி தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் லுத்தரன். தரங்கம்பாடியில் 1733-இலேயே ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றுவிட்டார். ஆகவே ‘நம்மவர்கள் பின்னால்தான் குரு ஆனார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். 1799-இல் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று அமைத்த முதல் குடியிருப்பு முதலூர் ஆனது. அதற்குப் பின் சமாதானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆசீர்வாதபுரம் என்று எத்தனையோ ஊர்கள் புதுப்பெயர் பெற்றன. பணம் கொடுத்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர் டோனாவூரில் நிற்கிறது. உங்கள் ஊருக்கு முந்தைய பெயர் என்ன, பக்கத்து விளையின் பெயர் என்ன என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது எந்த அலுவலகத்தில் கேட்கவேண்டும் என்பதும் இதைப் பொறுத்ததுதான். 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி) திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பழைய ஏடுகள் பெரும்பாலும் அந்தந்தச் சேகரத்திலேயே (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியிலேயே) இருக்கும்.

பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்பது

சேகரகுருவானவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். யாருடைய வம்சம், எந்த வருடங்கள், எதற்காக என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அறுப்பின் பண்டிகைச் சமயத்திலும் வேண்டாம். செவ்வாய், புதன் கிழமைகளில் காலையில் போங்கள். மணியடித்துக் கோயிலைப் பராமரிக்கும் கோயில்குட்டியாரிடம் மரியாதையாகப் பேசுங்கள். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்தக் கட்டு எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நான் போன ஒரு கோயிலில், அலுவலக அலமாரியில் 1890-க்கு முந்தைய ஏடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி நடந்தபோது கோயில்குட்டியார் பின்னாலேயே வந்து, ‘அம்மா, மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி இருக்கிறது, பார்க்கிறீர்களா?’ என்றார். என் பூட்டனாரின் கையெழுத்தை முதன்முதலாக நான் பார்த்தது அந்தப் பெட்டியில்தான்.

இன்னொரு கோயிலில், வெள்ளையடிக்க இடம் தேவைப்பட்டதென்று பத்து வருட ஏட்டை எரித்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. உங்கள் ஊரில் அப்படி நடக்குமுன் போய்ப் பாருங்கள்.

கையில் பேனா கொண்டுபோகாதீர்கள், பென்சில் மட்டும் போதும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டவே கூடாது. பக்கத்தைக் கீழ் மூலையில் பிடிக்காமல் மேல் மூலையில் பிடித்துத் திருப்புங்கள். கீழ் மூலை நூற்றைம்பது வருடக் கைபட்டு நைந்திருக்கும். படமெடுக்க அனுமதி கிடைத்தால் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். நான்கு மூலையும் தெரிய முழுப் பக்கமாக எடுக்கவேண்டும். உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்தால், அதன் மேல்வரியில் இருப்பது பின்னால் தேவைப்படும்போது கிடைக்காது.

பதிவேட்டை வாசிக்கும் முறை

ஞானஸ்நான ஏட்டில் ஒவ்வொரு வரியிலும் ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி, பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தகப்பனின் தொழில், கடைசியில் ஞானஸ்நானம் கொடுத்தவரின் கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும். எல்லோரும் பெயர்க் கட்டத்தில்தான் தேடுவார்கள். நீங்கள் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். ஒரு கையெழுத்து ஒரு நாளில் ஓர் ஊரிலும், மூன்றாம் நாள் எட்டு மைலுக்கு அப்பால் இன்னோர் ஊரிலும் இருந்தால், அவர் அந்த வழியாக நடந்திருக்கிறார். இரண்டு வருடப் பக்கங்களைத் தேதி வாரியாக எழுதி, வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். சுற்றுப்பிரயாணம் முழுவதும் கண்முன் வந்துவிடும். என் பூட்டனார் ஒன்பது சிற்றூர்களை மாதம் ஒருமுறை சுற்றியிருக்கிறார். பங்குனி முதல் ஆவணி வரை ஞானஸ்நானங்கள் மிகக் குறைவு. அது பதநீர்க் காலம். ஆண்கள் விடியுமுன்னும் மாலையிலும் பனையேறுவார்கள், பெண்கள் நாள் முழுக்கக் கருப்பட்டி காய்ச்சுவார்கள். யாருக்கும் கோயிலுக்கு வர ஓய்வில்லை. பனை ஓய்ந்ததும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். ஒரு ஐயரின் வருடத்தைத் திருச்சபை நாட்காட்டி பாதி நடத்தியது என்றால் மீதியைப் பனைமரம் நடத்தியது.

அடுத்தது தொழில் கட்டம். ஐயரின் சொந்தப் பிள்ளைகளின் ஞானஸ்நான வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். முதல் பிள்ளைக்குத் தகப்பன் தொழில் ‘உபதேசியார்’ (பட்டம் பெறாத சபை ஊழியர்) என்றிருக்கும். பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைக்குக் ‘குரு’ என்றிருக்கும். அந்த இடைவெளிக்குள்தான் அவர் பாளையங்கோட்டையில் பேராயர் முன் முழங்காலிட்டிருக்கிறார். உபதேசியாராகச் சேர்ந்து, பத்துப் பதினைந்து வருடம் பள்ளிக்கூடமும் ஜெபமும் நடத்தி, பிறகு முதல் பட்டம் பெற்று டீக்கனாகி, அதற்கும் பிறகு குருவானவர்கள் ஏராளம். டீக்கன் ஞானஸ்நானம் கொடுக்கலாம், அடக்கம் செய்யலாம். திருவிருந்து பரிமாறுவதற்கு மட்டும் குருப்பட்டம் பெற்ற ஒருவர் வரவேண்டும். ஆகவே அவர் கையெழுத்துக்குக் கீழே டீக்கன் என்றிருக்கும் வருடங்களில், திருவிருந்து நாட்களில் வேறொருவர் பெயர் ஏட்டில் வந்தால் குழம்பவேண்டாம்.

திருமண ஏடும் முக்கியம். அதில் சாட்சிகளின் கையெழுத்து இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கீறல் போட்டிருப்பார். யாருக்கு எழுதத் தெரிந்தது, எந்த ஊரில் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை வைத்து, அந்த ஊரில் ஐயரம்மா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்களா என்று ஓரளவுக்கு அறியலாம். ஓலை வாசித்த, அதாவது கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசித்த, குறிப்புத் தனி நோட்டில் இருந்தால் அதையும் கேளுங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தும் கல்யாணப் பதிவு இல்லையென்றால், ஊரில் யாரோ தடை சொல்லியிருக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி திருமணப் பதிவுகளின் நகல்களை மேலே அனுப்பவேண்டியிருந்தது. ஆகவே ஊர் ஏடு அழிந்திருந்தாலும் திருமணங்களைப் பொறுத்தவரை நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள்.

எழுத்து, எண், தேதி

இந்த இடத்தில்தான் இளையவர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். பின்வாங்கத் தேவையில்லை. ஒரு வாரம் கண் பழகினால் போதும். பழைய கையெழுத்தில் பல இடங்களில் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்புதான். ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, லை, னை வடிவங்களும் வரும். முதலில் உங்களுக்குத் தெரிந்த சொற்களைத் தேடுங்கள்: ஊர்ப் பெயர், மாதப் பெயர், அந்தக் காலத்தில் அடிக்கடி வந்த ஞானமுத்து, வேதமாணிக்கம், மாசிலாமணி, தேவசகாயம் போன்ற பெயர்கள். அவற்றிலிருந்து அந்தக் கையின் ‘ம’ எப்படி, ‘ஞ’ எப்படி என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாள் திருத்திய காலத்தில் நாற்பது பிள்ளைகளின் எழுத்தைப் பெயர் பாராமலே நான் கண்டுபிடிப்பேன். அதே பழக்கம்தான் இங்கும் உதவியது.

குறிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௹ ரூபாய். எல்லாவற்றையும்விட முக்கியம் ௸. அது மேற்படி. மேல் வரியில் இருப்பதே இங்கும் என்று பொருள். அதை ஏதோ சுழியென்று விட்டுவிட்டு, ஒரு முழுக் குடும்பத்தையே தவறான ஊரில் நான் எழுதிவைத்திருந்தேன். பழைய கணக்கு நோட்டில் ௲௮௱௭௰௭ என்று கண்டால் பயப்படாமல் இடமிருந்து வலமாகப் படியுங்கள்: ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஏழு. 1877.

தேதி சில இடங்களில் கொல்லம் ஆண்டில் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824 கூட்டவேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825 கூட்டவேண்டும். பூட்டனார் இறந்தது கொல்லம் 1075 ஆடி என்று வேதாகமத்தில் இருந்தது. நான் 824 கூட்டி, 1899-ஆம் வருட அடக்க ஏட்டில் இரண்டு நாள் தேடினேன். அவர் பெயர் 1900-ஆம் வருட ஏட்டில் இருந்தது.

அடக்கப் பதிவேடு

இதை அவசரப்பட்டுப் புரட்டாதீர்கள். தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

1876-இல் தொடங்கிய பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்தக் காலத்தில்தான் திருநெல்வேலிச் சபைகளில் ஆயிரக்கணக்கானோர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் பெருமையாகச் சொல்லும். சேர்ந்தது உண்மை. ஆனால் அதே மாதங்களின் அடக்க ஏட்டையும் பக்கத்தில் விரித்துவைத்துப் படிக்கவேண்டும். தகரப்பெட்டியில் கிடைத்த ஏட்டில், அதற்கு முந்தைய வருடங்களில் ஒரு பக்கம் நிரம்ப நான்கைந்து மாதம் ஆகியிருக்கிறது. 1877-இல் ஒரு பக்கம் மூன்றே வாரத்தில் நிரம்புகிறது. நோய்க் கட்டத்தில் பேதி, பேதி, ௸, ௸ என்று இறங்குகிறது. மேலே வட்டவட்டமாக, நிதானமாக இருந்த எழுத்து கீழே வரவர ஒடுங்கிச் சாய்கிறது. தண்ணீர் விட்டுக் கரைத்த மைபோல எழுத்தும் வெளுத்துக்கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் பதினோராவது வரி: வயது மூன்று, பெண், தகப்பன் தொழில் ‘குரு’. அடக்கம் செய்தவர் என்ற கட்டத்தில் என் பூட்டனாரின் கையெழுத்து. தன் பிள்ளையைத் தானே அடக்கம் செய்து, வீட்டுக்கு வந்து, தானே அதைப் பதிந்திருக்கிறார். அந்த ஒரு வரி மட்டும் ஒடுங்காமல் நேராக, பழைய வட்ட எழுத்தில் இருக்கிறது. எழுத்து கோணக்கூடாது என்று அந்த ஒரு வரிக்காக அவர் நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கவேண்டும். மறுநாள் தேதியில் வேறோர் ஊரில் இரண்டு அடக்கம், அதே கையெழுத்து.

இதை எந்த அறிக்கையும் சொல்லவில்லை. அந்த வருடத்து அச்சு அறிக்கையில் அவர் பெயரே இல்லை. நாட்டுக் குருமார் உண்மையாய் உழைத்தார்கள் என்ற அளவில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கல்லறை

ஏட்டில் அடக்கத் தேதி கிடைத்தபின் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். சுண்ணாம்புக் காரை பூசிய கல்லறைகளில் எழுத்து தேய்ந்திருக்கும். சாக்பீஸ் தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் கல்லுக்குக் கேடு. மாலை நான்கு மணிக்குமேல் வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், அல்லது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்புங்கள். எழுத்து நிழலாக எழும்பும். ஐயர்மாரின் கல்லறை பல ஊர்களில் கோயிலுக்குக் கிழக்கே தனியாக இருக்கும். ஐயரம்மாவின் கல்லறை பக்கத்தில் இருக்கிறதா, கல் இருக்கிறதா, பெயர் எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கணக்கு நோட்டு

கிடைத்தால் பெரும் பேறு. 1841 முதல் 1872 வரை சி.எம்.எஸ். செயலராக இருந்த ஹென்றி வென், சுதேச சபைகள் தங்களைத் தாங்களே தாங்கி, தாங்களே நிர்வகித்து, தாங்களே பரவவேண்டும் என்று வற்புறுத்தியவர். அந்தக் கொள்கை ஊருக்கு வந்து சேர்ந்த வடிவம்தான் கைப்பிடி அரிசி. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, மொத்தமாகக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். நோட்டில் அது படியாகவும் அணாவாகவும் வரும். 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். மூன்று கட்டமாக ரூபாய், அணா, பை என்று கூட்டுங்கள். பத்தின் கணக்கில் கூட்டினால் தவறிவிடும். ஐயர் சம்பளத்தின் ஒரு பங்கு இந்த அரிசியிலிருந்தும் காணிக்கைக் கருப்பட்டியிலிருந்தும் வந்தது. மழை பொய்த்த வருடத்தில் அரிசி வரவு குறைகிறதா என்று பாருங்கள். ஊர் அடுப்பில் என்ன நடந்தது என்பதை அந்த வரவு சொல்லிவிடும்.

இனி அறிக்கைகளுக்குப் போகலாம்

இவ்வளவும் கையில் வந்தபின் மிஷன் காகிதங்களைத் திறந்தால், அவை வேறு மாதிரி பேசும். சி.எம்.எஸ். கோப்புகள் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி நூலகத்தில் இருக்கின்றன. எஸ்.பி.ஜி. காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில். லண்டன் மிஷன் கோப்புகள் லண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில். நேரில் போகவேண்டியதில்லை. பெயர், ஊர், வருடம் மூன்றும் உறுதியாகச் சொல்லி மின்னஞ்சலில் கேட்கலாம். அதற்காகத்தான் முதலில் பதிவேடு என்றேன். ‘தென்னிந்தியாவில் ஒரு குரு’ என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. சி.எம்.எஸ். தன் மிஷனெரிமாரோடு சுதேச குருமாரையும் சேர்த்து 1804 முதல் 1904 வரைக்குமான ஒரு பெயரேட்டை அச்சிட்டிருக்கிறது. பட்டம் பெற்ற வருடமும் பணியிடங்களும் அதில் சுருக்கமாக இருக்கும். சங்கங்களின் பழைய பத்திரிகைகள் பல இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே ஆங்கிலத்தில் தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலையே எழுதவேண்டும். திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ (Tinnevelly) என்றும், பாளையங்கோட்டை ‘பாளம்கோட்டா’ (Palamcottah) என்றும், இடையன்குடி ‘எடெயென்கூடி’ (Edeyengoody) என்றும் இருக்கும். ஆள் பெயரைவிட ஊர்ப் பெயரால் தேடினால் பலன் அதிகம்.

படிக்கும்போது யார், யாருக்கு, எதற்காக எழுதினார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இடையன்குடியில் இருந்த கால்டுவெல்லைப் பற்றியும், மெஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரம் எழுப்பிய ஜான் தாமஸைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பங்களாவில் உட்கார்ந்து அறிக்கை எழுத முடிந்ததற்கு, இருபது கிராமங்களில் இருபது உபதேசியார்களும் ஐயர்களும் நடந்ததே காரணம். 1830-இலேயே டீக்கன் பட்டம் பெற்று, பின்னால் கடாட்சபுரத்தில் ஒரு வட்டாரத்தையே தனியாக நடத்திய ஜான் தேவசகாயம் போன்ற சிலருடைய பெயர்தான் நூல்களில் நின்றது.

சாதியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சில ஏடுகளில் சாதிப் பெயர் எழுதியிருக்கும், சில அறிக்கைகளில் நம்மவர்களைப் பற்றிக் கூசவைக்கும் வரிகள் இருக்கும். சில இடங்களில் நம் பெரியவர்களே இன்னொரு தெருவாரைத் தள்ளி உட்காரவைத்தது தெரியவரும். எனக்கும் ஒரு பக்கம் அப்படி வந்தது. அதை நான் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். உறவினர்களில் இருவர் கோபித்துக்கொண்டார்கள். இருந்தும் அந்தப் பக்கத்தை எடுக்கப்போவதில்லை.

ஐயரம்மாவைத் தேடுவது

பதிவேட்டில் அவர் தாயின் பெயராக மட்டும் வருவார். அதனால் வேறு வழிகளில் தேடவேண்டும். பாளையங்கோட்டைப் பெண்கள் போர்டிங் பள்ளியில் படித்தவரா என்று கேளுங்கள். பல உபதேசியார்களுக்கும் ஐயர்களுக்கும் மனைவியராக வந்தவர்கள் போர்டிங்கில் படித்தவர்கள். வீட்டில் பழைய லேஸ் துண்டு இருந்தால் எறியாதீர்கள். நாகர்கோவிலில் மால்ட் அம்மையாரும் இடையன்குடியில் அவர் மகள் எலைசா கால்டுவெல்லும் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கைவேலை தேரி ஊர்களில் பல குடும்பங்களைத் தாங்கியது. எங்கள் பூட்டியாரைப் பற்றி எனக்குக் கிடைத்தது ஒரு லேஸ் ஓரமும், ஐந்து திருமணப் பதிவுகளில் சாட்சியாக அவர் போட்ட கையெழுத்தும்தான். கணவரின் எழுத்தைவிட அழகான எழுத்து.

எழுதிமுடிப்பது

பிறப்பு, பட்டம், மாற்றம், இறப்பு என்று தொடங்கினால் அது கல்லறைக் கல்லில் எழுதுவதைப்போல முடிந்துவிடும். நன்றாகத் தெரிந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் 1883 புரட்டாசியில் ஒரு வாரத்தை எடுத்தேன். ஞாயிறு இரண்டு ஆராதனை, ஐந்து ஞானஸ்நானம். செவ்வாய் ஆறு மைல் தள்ளி ஓர் அடக்கம். வியாழன் ஒரு கல்யாணம். சனி மறுபடி சொந்த ஊரில் ஒரு குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம். இந்த ஊர்களுக்கிடையே நானும் ஒருநாள் நடந்துபார்த்தேன். குதிரைமொழித் தேரியின் செம்மணலில் கால் புதையப் புதைய, காலை ஒன்பது மணிக்கே தரை சுடுகிறது. ஆறு மைல் கடக்க எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. செவ்வாய்க்கிழமை அடக்கத்துக்கு அவர் இருட்டோடு புறப்பட்டிருக்கவேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

எழுதும்போது, ஏட்டில் கண்டதைக் கறுப்பு மையிலும், வாய்மொழியாகக் கேட்டதை நீலத்திலும், நீங்களே ஊகித்ததைப் பென்சிலிலும் எழுதிவையுங்கள். அச்சுக்குப் போகும்போது அந்த வேறுபாட்டை வாக்கியத்திலேயே காட்டிவிடுங்கள்: ‘பதிவேட்டில் இருக்கிறது’, ‘அத்தை சொன்னார்கள்’, ‘இருந்திருக்கவேண்டும்’.

நகல் மூன்று வேண்டும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று அவர் கடைசியாக ஊழியம் செய்த கோயிலுக்கு, ஒன்று பாளையங்கோட்டையிலோ சென்னையிலோ ஒரு பொது நூலகத்துக்கு. கோயிலுக்குக் கொடுக்கும் நகலில் கடைசியில் இருபது வெற்றுத்தாள் சேர்த்துக் கட்டுங்கள். நான் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் மாதம் கோயில்குட்டியார் தொலைபேசியில் அழைத்தார். வெற்றுத்தாளில் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டதாம். தகரப்பெட்டி ஏட்டில் அந்த 1877-ஆம் வருடப் பக்கத்தில் ஒன்பதாவது வரியில் இருக்கும் பிள்ளை தங்கள் வீட்டுப் பிள்ளை என்று ஒரு குடும்பத்தார் வந்து எழுதியிருக்கிறார்களாம். அடுத்த புதன்கிழமை போகிறேன்.